வெட்டுளியின் முகமும் முனையும்: கணினிவழிக் கடைசலில் திசையமைவு

தோற்றுவாய்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் கடைசல் பொறியைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் நம் வகுப்புகளில் பகுதி ஒன்றில் தமிழ் பயிலும் மாணவருள் பலர் நாளை தமிழாசிரியர் ஆகப்போவதில்லை. கணிதமும் இயற்பியலும் பயின்றோரும், அவர்தம் தம்பியராகத் தொழிற்பயிற்சி நிலையங்களில் சேர்ந்தோரும் கோவையிலும் ஓசூரிலும் அம்பத்தூரிலும் உள்ள பொறிகளின் முன் நிற்கின்றனர். அங்கே அவர்களுக்கு எண்கள் கற்பிக்கப்படுகின்றன. அவ்வெண்களின் பொருள் கற்பிக்கப்படுவது அரிது. பொருளை விளக்குவது மொழியின் கடமை. அக்கடமையில் ஒரு சிறு பகுதியை நிறைவேற்றும் நோக்குடனேயே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

இத்தொழிலுக்கு நம் மொழியில் பழைய சொல் உண்டு. தயிர் கடைவதும் மரம் கடைவதும் தமிழில் ஒரே வினைச்சொல்லால் குறிக்கப்படுகின்றன. இரண்டிலும் சுழற்சி உண்டு. சுழற்சியால் வேண்டியது வெளிப்படுதலும் உண்டு. தொட்டில் காலும் பம்பரமும் கடைசல் பிடித்தே செய்யப்பட்டன. மத்து சுழலத் தயிர் பானையில் கிடக்கும். கடைசலிலோ பொருள் சுழல, உளி அதன்மேல் நகரும். இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் இனிச் சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

மரம் கடையும் தச்சர் உளியைத் தம் கையால் பிடித்தார். உளியின் முனை எங்கே, அது எத்திசை நோக்குகின்றது என்பதைக் கண் கண்டது, கை திருத்தியது. 1952-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டு மாசாசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் எண்வழிக் கட்டுப்பாட்டால் இயங்கும் பொறி செய்து காட்டப்பட்டது. அன்று முதல் கையின் இடத்தை எண் பிடிக்கத் தொடங்கிற்று. எண்ணுக்குக் கண் இல்லை. ஆகவே கண் தானே கண்டுகொண்டதை எல்லாம் நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அவ்வாறு சொல்லிக் கொடுக்க வேண்டியவற்றுள் தலையாயது வெட்டுளியின் திசையமைவு ஆகும்.

பொறியும் அதன் அச்சுகளும்

சி.என்.சி. கடைசல் பொறியில் பணித்துண்டைப் பற்றிச் சுழற்றும் பகுதி சக் எனப்படும். வெட்டுளிகளைத் தாங்கித் திருப்பித் தரும் பகுதி டரட் எனப்படும். சுழலும் மையக்கோட்டின் வழியே செல்வது இசட் அச்சு. அதற்குச் செங்குத்தாக, மையக்கோட்டை நோக்கியும் அதை விட்டு விலகியும் செல்வது எக்ஸ் அச்சு. இசட் மதிப்பு பெருகினால் வெட்டுளி சக்கை விட்டு விலகும். எக்ஸ் மதிப்பு பெருகினால் மையக்கோட்டை விட்டு விலகும். எக்ஸ் மதிப்பைப் பெரும்பாலும் விட்டமாகவே எழுதுவர்.

சில பொறிகளில் டரட் மையக்கோட்டுக்கு அப்பால், இயக்குபவரின் எதிர்ப்புறத்தில் இருக்கும். சிலவற்றில் அவர் நிற்கும் பக்கமே இருக்கும். முன்னதில் எக்ஸ் பெருகும் திசை அவரை விட்டு அகல்கின்றது. பின்னதில் அவரை நோக்கி வருகின்றது. எனவே திசையைச் சொல்லும்போது 'மேலே, கீழே, என் பக்கம், எதிர்ப்பக்கம்' என்று சொல்லுதல் குழப்பம் தரும். அச்சின் கூட்டல் குறி, கழித்தல் குறி ஆகியவற்றைக் கொண்டு சொல்வதே முறை. மாணவர்கள் முதலில் பழக வேண்டியது இதுவே.

முனை என்பது புள்ளியன்று

இக்காலத்து வெட்டுளி ஒரே இரும்பால் ஆனதன்று. தாங்கியின் நுனியில் கார்பைடால் ஆன வெட்டுச்சில்லு ஒன்று பொருத்தப்படுகின்றது. பட்டறையில் இதனை இன்செர்ட் என்பர். அதன் மூலை நம் கண்ணுக்குக் கூர்மையாகத் தோன்றினும் உண்மையில் அது ஒரு சிறு வட்ட வில்லே. அவ்வில்லின் ஆரம் பெரும்பாலும் 0.4, 0.8, 1.2 மி.மீ. என்ற அளவுகளில் அமையும். சி.என்.எம்.ஜி. 120408 என்ற குறியீட்டை எடுத்துக்கொள்வோம். முதலெழுத்து 80 பாகைச் சாய்சதுர வடிவத்தைக் குறிக்கும். 12 வெட்டுவிளிம்பின் நீளத்தைக் குறிக்கும். 04 தடிமனைக் குறிக்கும். 08 என்பது முனை ஆரம் 0.8 மி.மீ. என்று கூறும்.

வெட்டுளியை அளந்து பொறிக்குத் தெரிவிக்கும்போது எக்ஸ் திசையில் ஒரு முறையும் இசட் திசையில் ஒரு முறையும் தொட்டுப் பார்க்கின்றோம். இவ்விரண்டு தொடுகோடுகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு புள்ளி கிடைக்கின்றது. அப்புள்ளியில் உலோகம் இல்லை. அது வில்லுக்கு வெளியே வெற்றிடத்தில் நிற்கின்றது. இதனைக் கற்பனை முனை என்பர். பொறி தன் கணக்கில் நகர்த்துவது இல்லாத இந்த முனையையே. உண்மையில் வெட்டுவது சற்றுத் தள்ளி இருக்கும் வில்.

நேரான உருளையைக் கடையும்போதும், முகப்பைச் சமன்செய்யும்போதும் இதனால் பிழை நேராது. தொட்டு அளந்த அதே திசைகளில்தான் அப்போது வெட்டு நிகழ்கின்றது. 45 பாகைச் சாய்வு வெட்டும்போது நிலைமை மாறுகின்றது. கற்பனை முனை சாய்கோட்டின்மேல் சரியாகச் செல்ல, வில் அக்கோட்டைத் தொடாமல் விலகி நிற்கும். விலகும் அளவு ஆரத்தின் 0.414 மடங்கு. முனை ஆரம் 0.4 மி.மீ. எனில் 0.166 மி.மீ.; 0.8 எனில் 0.331 மி.மீ.; 1.2 எனில் 0.497 மி.மீ. உலோகம் வெட்டப்படாமல் எஞ்சும். விட்டத்தில் நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டரைக் கேட்கும் தொழிலில் இது சிறு பிழையன்று. விட்டத்தை மட்டும் மைக்ரோமீட்டரால் அளப்பவருக்கு இப்பிழை தென்படாது என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. நேர்வழியில் மறைந்து நிற்கும் குறை சாய்விலும் வளைவிலும்தான் வெளிப்படுகின்றது.

இதனை நீக்குவதற்கே முனை ஆர ஈடு என்னும் முறை ஏற்பட்டது. வெளிவிட்டத்தைச் சக்கை நோக்கிக் கடையும்போது ஜி 42 என்ற கட்டளையும், உள்விட்டத்தைச் சக்கை நோக்கிக் கடையும்போது ஜி 41 என்ற கட்டளையும் பொதுவாக ஆளப்படுகின்றன. ஜி 40 ஈட்டை நீக்கும். ஆனால் ஈடு செய்வதற்குப் பொறி இரண்டு செய்திகளை அறிந்திருக்க வேண்டும். ஒன்று ஆரத்தின் அளவு. மற்றொன்று, வில்லின் மையத்திலிருந்து பார்த்தால் கற்பனை முனை எத்திசையில் உள்ளது என்பது. இரண்டாவது செய்தியே திசை எண்.

திசை எண்கள்

ஃபனுக் வகைக் கட்டுப்பாடுகளில் திசை எண் 0 முதல் 9 வரை அமைகின்றது. வில்லின் மையத்தில் நாம் நிற்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். கற்பனை முனை எக்ஸ் கூட்டல், இசட் கூட்டல் பக்கம் இருப்பின் 1. எக்ஸ் கூட்டல், இசட் கழித்தல் எனில் 2. இரண்டும் கழித்தல் எனில் 3. எக்ஸ் கழித்தல், இசட் கூட்டல் எனில் 4. இவை நான்கும் மூலைத்திசைகள். அடுத்த நான்கும் நேர்த்திசைகள்: இசட் கூட்டல் 5, எக்ஸ் கூட்டல் 6, இசட் கழித்தல் 7, எக்ஸ் கழித்தல் 8. வில்லின் மையத்தையே அளவுப் புள்ளியாகக் கொண்டால் 0 அல்லது 9.

இப்பட்டியலை மனனம் செய்ய வேண்டியதில்லை, காரணத்தால் அடைந்துவிடலாம். வெளிவிட்டத்தைச் சக்கை நோக்கிக் கடையும் வெட்டுளி மையக்கோட்டையும் நோக்குகின்றது, சக்கையும் நோக்குகின்றது. இரண்டும் கழித்தல் திசைகள். ஆகவே எண் 3. துளையின் உட்புறத்தைக் கடையும் போரிங் பார் சக்கை நோக்குகின்றது. ஆனால் அதன் முனை மையக்கோட்டை விட்டு வெளிநோக்கி, துளையின் சுவரைப் பார்க்கின்றது. ஆகவே எக்ஸ் கூட்டல், இசட் கழித்தல், எண் 2. இவ்விரண்டையும் காரணத்தோடு அறிந்தவர் ஏனையவற்றைத் தாமே கண்டுகொள்வர். பிற நிறுவனக் கட்டுப்பாடுகளுக்கு அவற்றின் கையேட்டிலுள்ள படத்தைப் பார்த்தே எண்ணிடுதல் வேண்டும்.

மென்பொருளில் அமைக்கும் முறை

கணினியில் வரைந்த வடிவத்திலிருந்து வெட்டும் பாதையை உருவாக்கித் தருவன கேம் மென்பொருள்கள். இவற்றில் திசையமைவைக் கீழ்க்காணும் ஒழுங்கில் அமைத்தல் நலம். பெயர்கள் மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடினும் ஒழுங்கு ஒன்றே.

முதலாவது, பொறியின் இயல்பை உறுதி செய்தல். டரட் எப்பக்கம் உள்ளது, எக்ஸ் எத்திசையில் பெருகுகின்றது என்பவற்றை மென்பொருளிலும் பொறியிலும் ஒத்துப் பார்க்க வேண்டும். பணித்துண்டின் சுழல்மையம் இசட் அச்சின்மேல் கிடக்க வேண்டும். முடிவுற்ற முகப்பை இசட் சுழியாகக் கொள்வது வழக்கம்.

இரண்டாவது, வெட்டுச்சில்லின் வடிவையும் முனை ஆரத்தையும் பெட்டியில் அச்சிட்டுள்ள குறியீட்டைப் பார்த்து இடுதல். நினைவிலிருந்து இடுதல் ஆகாது.

மூன்றாவது, தாங்கியைத் தேர்தல். வலக்கை வெட்டுளி, இடக்கை வெட்டுளி என இருவகை உண்டு. இயக்குபவரின் பக்கமுள்ள டரட்டில் முகம் மேல்நோக்கிய வலக்கை வெட்டுளி சக்கை நோக்கி வெட்டும். எதிர்ப்பக்க டரட்டில் அதனை முகம் கீழ்நோக்கப் பொருத்தினாலும் சக்கை நோக்கியே வெட்டும். அங்கே முகம் மேல்நோக்க வேண்டுமாயின் இடக்கை வெட்டுளி தேவைப்படும்.

நான்காவது, சுழலும் திசை. சுழலும் பரப்பு வெட்டுளியின் மேல்முகத்தை நோக்கி வந்து மோத வேண்டும் என்பதே விதி. மாறாகச் சுழன்றால் வெட்டு நிகழாது. விளிம்பு உரசி உடையும். எம் 03, எம் 04 ஆகிய கட்டளைகளுள் எது வேண்டும் என்பதை வெட்டுளியின் முகம் எப்பக்கம் உள்ளது என்பதே முடிவு செய்கின்றது.

ஐந்தாவது, வெட்டுளி நிற்கும் கோணம். 80 பாகைச் சில்லு 95 பாகை அணுகுகோணத்தில் நிற்கின்றது எனக் கொள்வோம். 180 பாகையிலிருந்து இவ்விரண்டையும் கழித்தால் எஞ்சுவது 5 பாகை. சக்கை நோக்கிச் செல்லும்போது விட்டம் குறைந்து இறங்கும் சரிவு 5 பாகைக்கு மேற்பட்டால் சில்லின் பின்விளிம்பு பணித்துண்டில் உரசும். 55 பாகைச் சில்லு 93 பாகையில் நின்றால் 32 பாகை வரை வெளி கிடைக்கும். மென்பொருள் இக்கணக்கைத் தானே செய்து, புகமுடியாத இடங்களை விட்டுவிடும். ஆனால் நாம் கோணத்தைத் தவறாக இட்டால், புகமுடியாத இடத்தில் புகலாம் என்று அது நம்பும். திரையில் நிகழாத மோதல் பொறியில் நிகழும்.

ஆறாவது, அளவுப் புள்ளியும் திசை எண்ணும். பாதை கற்பனை முனைக்கு எழுதப்படுகின்றதா, வில்லின் மையத்துக்கா என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். பொறியில் தொட்டு அளக்கும் முறையும் அதுவாகவே இருத்தல் வேண்டும்.

ஏழாவது, ஈட்டைச் செய்வது யார் என்று முடிவு செய்தல். மென்பொருளே ஆரத்தைக் கணக்கிட்டுப் பாதையைத் திருத்தித் தரலாம். அல்லது வடிவத்தை அப்படியே தந்து, ஈட்டைப் பொறியின் கட்டுப்பாட்டிடம் விடலாம். இருவரும் முழு ஆரத்துக்கும் ஈடு செய்தால் சாய்வுகளில் உலோகம் மிகுதியாக வெட்டப்படும். இருவரும் செய்யாவிடின் உலோகம் எஞ்சும். பொறியிடம் விடுவதாயின் ஆரமும் திசை எண்ணும் பொறியின் பட்டியலிலும் தவறாது இடம்பெற வேண்டும்.

இறுதியாக, திரையில் ஓட்டிப் பார்த்தலும், பணித்துண்டு இன்றிப் பொறியில் மெதுவாக ஓட்டிப் பார்த்தலும், ஒரு சாய்வேனும் உள்ள மாதிரித் துண்டை வெட்டி அளத்தலும் கைவிடத்தகாதவை.

சுருங்கக் கூறின், திசை மூன்று இடங்களில் உறைகின்றது: டரட்டில் பொருத்திய உலோகத்தில், மென்பொருளில் எழுதிய விளக்கத்தில், கட்டுப்பாட்டின் பட்டியலில். மூன்றும் ஒன்றையே சொல்ல வேண்டும்.

ஒரு மாணவர் கொணர்ந்த துண்டு

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் துறைக்கு வந்தார். கணிதப் பட்டம் பெற்றபின் பட்டறை ஒன்றில் பொறி இயக்குபவராகச் சேர்ந்திருந்தார். பையிலிருந்து இரும்புத்துண்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். "ஐயா, சரியானதைச் செய்தேன்; தவறாக முடிந்தது. எனக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள்" என்றார். அவர் குரலில் சினத்தினும் திகைப்பே மிகுந்திருந்தது.

நிகழ்ந்தது இதுதான். மென்பொருளில் புதிய வெளிவிட்ட வெட்டுளி ஒன்றை உருவாக்கியவர் பழைய போரிங் பாரின் பதிவைப் படியெடுத்து, வடிவத்தை மாற்றினார். திசை எண்ணை மாற்றவில்லை. அமைப்புத்தாளில் 3 என்று வரவேண்டிய இடத்தில் 2 என்று அச்சாயிற்று. இரவுப் பணியினர் தாளில் உள்ளபடியே பொறியில் இட்டனர். 3-க்கு மாறாக 2 இட்டால், ஈடு நடப்பில் உள்ளபோது, பாதை முழுவதும் எக்ஸ் திசையில் இரண்டு ஆரம் வெளியே தள்ளிப்போகும். ஆரம் 0.8 மி.மீ. எனவே பக்கத்துக்கு 1.6 மி.மீ.; விட்டத்தில் 3.2 மி.மீ. பெருத்துவிட்டது. காரணத்தைத் தேட நேரமில்லை. தேய்மானத் திருத்தத்தில் கழித்தல் 3.2 என்று இட்டுச் சரிசெய்தனர். அளவுகள் பொருந்தின, துண்டுகள் தேர்வாயின, எவரும் எதையும் எழுதி வைக்கவில்லை.

காலையில் வந்த நம் மாணவர் பட்டியலைப் பார்த்தார். வெளிவிட்ட வெட்டுளிக்கு 2 என்ற எண் பொருந்தாது என்று உணர்ந்தார். 3 என்று திருத்தினார். திருத்தம் சரியானதே. ஆனால் மறைத்து வைத்த 3.2 அப்படியே இருந்தது. அடுத்த துண்டு விட்டத்தில் 3.2 மி.மீ. குறைந்து, பயனற்றுப் போயிற்று. சில்லும் உடைந்தது. இரண்டு தவறுகள் ஒன்றையொன்று தாங்கி நின்றன. ஒன்றை எடுத்ததும் மற்றது விழுந்தது. விழுந்தபோது அருகில் நின்றவர் மீது பழி வந்தது.

"தம்பி, எண் தவறென்று உமக்கு எப்படித் தெரிந்தது?" என்று வினவினோம். "அந்த டூல் சென்டரைப் பார்க்கிறது, சக்கையும் பார்க்கிறது, பிறகு எப்படி அது 2 ஆகும்?" என்றார். இவ்விடையில் நாம் மகிழ்ந்தோம். அவர் எண்ணை அன்று, பொருளை அறிந்திருந்தார். ஆயினும் அவரிடமும் ஒரு குறை இருந்தது. ஒரு தவற்றைக் கண்டவர், 'இத்தவற்றோடு இதுவரை நல்ல துண்டுகள் எவ்வாறு வந்தன?' என்று கேட்டிருக்க வேண்டும். அவ்வினா அவரைத் தேய்மானத் திருத்தத்திடம் கொண்டு சென்றிருக்கும். இதனைச் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், நிகழ்ந்ததைப் படம் வரைந்து, எண்களோடு தமிழில் ஒரு பக்கம் எழுதி மேலாளரிடம் தந்ததாகப் பிறிதொருநாள் கூறினார். மெமோ திரும்பப் பெறப்பட்டதா என்று கேட்டோம். "இல்லை ஐயா. ஆனால் இப்போது ஷிஃப்ட் மாறும்போது பட்டியலில் மாற்றியதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதச் சொல்லிவிட்டார்கள்" என்றார்.

நிறைவாக

இந்நிகழ்ச்சியிலிருந்து மூவருக்கு மூன்று செய்திகள் உள்ளன.

மாணவர்களே, எண்ணைக் கற்கும்போது அதன் காரணத்தையும் கேளுங்கள். 3 என்பது விடை மட்டுமே. 'மையத்தையும் சக்கையும் நோக்குகின்றது' என்பதே அறிவு. நீங்கள் செய்த மாற்றம் எதுவாயினும் அடுத்து வருபவருக்காக எழுதி வையுங்கள்.

ஆசிரியப் பெருமக்களே, 'முனை', 'முகம்', 'நோக்கு', 'விலகு' ஆகிய எளிய தமிழ்ச்சொற்களால் இக்கருத்து முழுவதையும் விளக்க முடிகின்றது. சக், டரட், இன்செர்ட் போன்றவை தொழிலாளர் நாவில் பழகிய சொற்கள். அவை அவ்வாறே இருக்கட்டும். ஆனால் காரணத்தைச் சொல்லும் தொடர் மாணவனின் தாய்மொழியில் அமைதல் வேண்டும். புரியாத தொடரில் கற்றவன் பொத்தானை அழுத்துவான். புரிந்த தொடரில் கற்றவன் பொறியைக் கேள்வி கேட்பான்.

சமுதாயப் பெரியோர்களே, பட்டறைக்குச் செல்லும் பிள்ளை படிப்பில் தோற்றவன் என்று எண்ணாதிருப்பீர்களாக. வடிவக்கணிதமும் பொறுமையும் நேர்மையும் ஒருங்கே வேண்டப்படும் தொழில் இது. மறைத்துச் சரிசெய்வது எளிது. கண்டறிந்து சரிசெய்வது அரிது. அரியதைச் செய்ய முயன்ற நம் மாணவரின் இரும்புத்துண்டு இன்றும் துறையின் மேசைமேல் தாள்கள் பறவாமல் காத்து நிற்கின்றது. அதனைக் கையில் எடுத்து வினவும் மாணவருக்கெல்லாம் திசை எண்ணின் கதையைச் சொல்லி வருகின்றோம்.